சாமை குழையக் கூடாது, களி கட்டி தட்டக் கூடாது

சிறுதானியம் வாங்கி ஒரே ஒரு முறை சமைத்துப் பார்த்துவிட்டு, மிச்சப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்ட வீடுகள் ஏராளம். "கூழாப் போச்சு", "மணல் மெல்லுற மாதிரி இருக்கு", "என்னமோ கசக்குது" என்று வருகிற புகார் மூன்றே வகைதான். குழைவது தண்ணீர்க் கணக்கால், நறநறப்பது ஊற வைக்காததால், கசப்பது பழைய சரக்கால். மூன்றையும் சரி செய்துவிட்டால் சாமைச் சோறு வாரத்தில் நாலு நாள் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடும்.

முதலில் ஒரு பிரிவினை. தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை உமி மூடிய தானியங்கள். நெல்லைப் போல உமி நீக்கி 'அரிசி' ஆக்கித்தான் சமைக்க முடியும். கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றிலும் கதிரடிக்கும்போதே உமி போய்விடும், தானியத்தை முழுதாகவே பயன்படுத்தலாம். அதிலும் கேழ்வரகின் தோல் உள்ளே இருக்கும் மாவோடு ஒட்டியே இருக்கும், உரித்தெடுக்க வராது. அதனால்தான் வீட்டுச் சமையலில் கேழ்வரகுச் சோறு என்று தனியாக ஒன்று இல்லை. களி, கூழ், அடை, புட்டு எல்லாமே மாவுப் பண்டம். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே செய்முறையில் அடக்க முயன்றால் தொல்லைதான்.

கடையில் பார்க்க வேண்டியது

உமிக்கு அடியில் தவிடு இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுக்களும் எண்ணெய்ச் சத்தும் பெரும்பாலும் அந்தத் தவிட்டில்தான். அந்த எண்ணெயே வியாபாரிக்குத் தலைவலி: உமி நீக்கிய தானியம் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதற்காக மில்லில் இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டி, தவிட்டையும் உரசி எடுத்து, முத்துப் போல வெள்ளையாக்கி விற்கிறார்கள். பார்க்க அழகு, அலமாரியில் கெடாது, சீக்கிரம் வேகும். ஆனால் பச்சரிசியை விட்டு அதற்கு மாறியதில் கிடைக்கும் லாபம் குறைந்துபோகும்.

நிறத்தை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். தவிடு உள்ள வரகு இளம் பழுப்பு. தினை மங்கலான மஞ்சள். சாமை சாம்பல் கலந்த பழுப்பு. குதிரைவாலி மட்டும் இயல்பாகவே கொஞ்சம் வெளுப்பு, ஆனாலும் பால் வெள்ளை ஆகாது. நாலு பாக்கெட்டையும் வரிசையாக வைத்தால் எல்லாம் ஒரே வெள்ளையாக, பெயர் அச்சடித்திருந்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும் என்றால், அது நன்றாகத் தீட்டிய சரக்கு. பாக்கெட்டைத் திறந்ததும் மூக்கருகே கொண்டு போங்கள். உலர்ந்த வைக்கோல் வாசம் வந்தால் நல்லது. பழைய எண்ணெய் வாடை வந்தால் எத்தனை முறை கழுவினாலும் கசப்பு போகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வரகைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வரகு நிஜமாகவே விஷம். அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த வரகுக் கதிரில் வளரும் பூஞ்சை, சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் வரகுக் கொல்லையில் மேய்ந்து இறந்தபோது, பரிசோதனையில் வெளிவந்தது இந்தப் பெயர்தான். கடையில் வாங்கும் உலர்ந்த, சுத்தமான வரகரிசியைக் கண்டு பயப்பட வேண்டாம். கருப்புப் புள்ளி, கட்டி, பூசண வாடை இருக்கும் வரகைக் கழுவிச் சமைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. வேக வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற விஷயமில்லை இது.

ஒரு நேரத்துக்கு வகைக்கு 1 கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். தள்ளுபடியில் 5 கிலோ வாங்கினால் கடைசி ரெண்டு கிலோ புழுவுக்கும் சிக்கு வாடைக்கும் போகும். தவிடு உள்ள தானியம் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ரெண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கல், தண்ணீர், நேரம்

சாமையிலும் குதிரைவாலியிலும் பொடி மணல் இருக்கும். அரிசி களையும் வடிதட்டு இங்கே உதவாது, தானியமே ஓட்டை வழியாக ஓடிவிடும். பழைய முறைதான் கை கொடுக்கும்: அகலமான பாத்திரத்தில் தானியத்தைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றி மிதக்கும் தானியத்தைத் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குச் சாய்க்க வேண்டும். கனமான மணல் அடியில் தங்கும். மூன்று முறை இப்படி மாற்றி, கடைசி அரைக் கைப்பிடியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு வாய்ச் சோற்றில் ஒரு கல் கடிபட்டால் வீட்டில் அடுத்த மாதம் வரை யாரும் சாமையைத் தொட மாட்டார்கள். வடிகட்ட டீ வடிகட்டியோ வெள்ளைத் துணியோ போதும்.

அப்புறம் ஊற வைப்பது. தவிடு நீக்கியதற்கு 20 நிமிடம், தவிடு உள்ளதற்கு 45 நிமிடம் முதல் 1 மணி நேரம். இதைத் தவிர்த்தால் வெளிப்புறம் வெந்து குழையத் தொடங்கும்போது உள்ளே ஒரு பச்சைப் பொட்டு மிஞ்சியிருக்கும். அதைத்தான் 'மணல் மாதிரி' என்கிறோம். உடனே அடுத்த முறை தண்ணீரைக் கூட்டுகிறோம், கூழாகிறது. உண்மையில் கூட்ட வேண்டியது ஊறும் நேரத்தை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் சமைத்தால் தினையின் லேசான கசப்பும் குறையும்.

தண்ணீர் அளவு, ஊற வைத்து வடித்த தானியத்துக்கு, டம்ளர் கணக்கில்: குக்கரில் நேரடியாக வைத்தால் சாமைக்கும் தினைக்கும் 1-க்கு 2, குதிரைவாலிக்கு 1-க்கு ஒன்றே முக்கால், வரகுக்கு 1-க்கு இரண்டேகால். மிதமான தீயில் ரெண்டு விசில், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். திறந்த பாத்திரம் என்றால் எல்லாவற்றுக்கும் அரை டம்ளர் கூடுதல். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தானியத்தைப் போட வேண்டும். மூடி வைத்து, மிகச் சிறிய தீயில் 8 முதல் 10 நிமிடம், அடுப்பை அணைத்து இன்னொரு 10 நிமிடம் திறக்காமல் விட வேண்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சோறு பதம் பெறுகிறது.

இதில் மூன்று இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, பாதியில் கரண்டி போட்டுக் கிளறுவது. சிறிய தானியம், மேற்பரப்பு அதிகம், கிளறக் கிளற மாவு கரைந்து பசையாகிவிடும். வெந்த பிறகு முள்கரண்டியால் லேசாக உதிர்த்தால் போதும். இரண்டு, அளவைப் பெருக்கும்போது தண்ணீரையும் அப்படியே பெருக்குவது. 4 டம்ளர் சாமைக்கு 8 டம்ளர் விட்டால் குழையும், 7 போதும். ஆவியாகிப் போகும் தண்ணீர் தானியத்தின் அளவைப் பொறுத்துக் கூடுவதில்லை, பாத்திரத்தின் வாயையும் நேரத்தையும் பொறுத்தது. மூன்று, முதல் முறையே புது பிராண்டை விருந்துக்கு வைப்பது. ஒவ்வொரு மில்லிலும் தீட்டும் அளவு வேறு, அதனால் தண்ணீரும் கால் டம்ளர் முன்னே பின்னே ஆகும். புதுப் பாக்கெட்டில் முதலில் அரை டம்ளர் வைத்துப் பாருங்கள்.

உதிரி உதிரியாக வேண்டும் என்றால், ஊறியதை நன்றாக வடிய விட்டு, ஒரு ஸ்பூன் நெய்யிலோ நல்லெண்ணெயிலோ ரெண்டு நிமிடம் வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம். எலுமிச்சை சாதத்துக்கும் புளியோதரைக்கும் வரகு இப்படித்தான் நன்றாக வரும். வடித்துச் சமைப்பவர்களும் உண்டு: 1 டம்ளர் சாமைக்கு 6 டம்ளர் கொதிநீர், 7 நிமிடத்தில் பதம் பார்த்துத் துணியில் வடித்துவிடலாம். பி வைட்டமின்களில் கொஞ்சம் கஞ்சியோடு போகும். அந்தக் கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்துக் குடித்தால் அதுவும் வீண் இல்லை.

ஆறினால் இந்தச் சோறு எல்லாமே அரிசிச் சோற்றைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குத் தயிர் சாதம் கட்டுவதாக இருந்தால், சுடச்சுட இருக்கும்போதே மசித்து, 1 டம்ளர் தானியத்துக்கு ஒன்றரை டம்ளர் காய்ச்சிய பாலும் கால் டம்ளர் தயிரும் விட்டு, பார்க்கக் கொஞ்சம் தளர்வாகவே வைக்க வேண்டும். டப்பாவைத் திறக்கும் நேரத்துக்குச் சரியான பதத்துக்கு இறுகியிருக்கும்.

பொங்கலுக்குத் தினையோ வரகோ முக்கால் டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் 4 டம்ளர், நாலு விசில். மிளகும் சீரகமும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டலாம், தானியம் காரத்தை இழுத்துக்கொள்ளும். உப்புமாவுக்குச் சாமையை வறுத்து 1-க்கு 2 தண்ணீர். பிரியாணிக்குக் குதிரைவாலி நல்லது. ஆனால் காய்கறியும் தக்காளியும் தயிரும் தண்ணீர் விடும் என்பதை மறந்து 1-க்கு 2 ஊற்றுகிறவர்களுக்குக் கிடைப்பது மசாலாப் பொங்கல். 1-க்கு ஒன்றரை போதும்.

இட்லி மாவு

அரிசியை முழுக்க நீக்கிவிட்டுச் சிறுதானியம் மட்டும் போட்டு இட்லி செய்யலாம். வரும், ஆனால் தட்டையாக, சற்று பிசுபிசுப்பாக. வீட்டில் இருக்கிறவர்கள் மனம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் கலப்பு அளவே புத்திசாலித்தனம்: சாமை அல்லது வரகு 3 டம்ளர், இட்லி அரிசி 1 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். பழகிய பிறகு அரிசியை அரை டம்ளருக்கு இறக்கிக்கொள்ளலாம்.

தானியமும் அரிசியும் சேர்ந்து 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்தும் வெந்தயமும் தனியாக ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறிய உளுந்து கிரைண்டரில் பொங்காது. உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்து எடுக்கவும். ஒரு சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். தானியத்தை ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். மைய அரைத்தால்தான் அந்தப் பிசுபிசுப்பு வருகிறது. மிக்ஸியில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீர் பயன்படுத்தலாம், மாவு சூடேறினால் பொங்குவது கெடும்.

அரிசி மாவைவிட இது சீக்கிரம் புளிக்கும். சித்திரை வைகாசி வெயிலில் 5, 6 மணி நேரமே அதிகம். இரவு ஒன்பது மணிக்கு அரைத்து வைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு எழுந்தால் பாத்திரம் வழிந்து புளித்திருக்கும். வெயில் காலத்தில் மாலையிலேயே அரைத்து, பொங்கியதும் படுக்கப் போகும் முன் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவது உத்தமம். மார்கழியில் 10, 12 மணி நேரம் கொடுக்கலாம். புளித்துவிட்ட மாவு தோசைக்கு ஆகும். குதிரைவாலி மாவில் தோசை மொறுமொறுப்பாக வரும், தினையில் சிவக்கும் ஆனால் ஓரம் உடையும், தோசைக்கல் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

கேழ்வரகு: களிக்கு ஒரு நியாயம், கூழுக்கு ஒரு நியாயம்

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் 10-ஐத் தொட்டாலே பெரிது. இந்த ஒரு எண்ணுக்காகவே கேழ்வரகுக்கு அடுப்படியில் நிரந்தர இடம் கொடுக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் அந்த ஊர்ப் பழக்கத்தை ஒட்டித்தான்.

கூழுக்கு: அரை டம்ளர் மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி, இரவு முழுக்கப் புளிக்க விடவும். காலையில் கால் டம்ளர் அரிசி நொய்யை 3 டம்ளர் தண்ணீரில் குழைய வேக வைத்து, தீயைக் குறைத்து, புளித்த கரைசலைக் கலக்கிவிட்டுக்கொண்டே ஊற்ற வேண்டும். 10 முதல் 12 நிமிடம் கிண்டினால் நிறம் அடர்ந்து பளபளப்பு ஏறும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் இன்னும் வேகவில்லை. வேகாத கூழ் வயிற்றைப் பொருமச் செய்யும். ஆற விட்டு, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கரைத்து உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக்கொள்ளலாம்.

கரைக்காமல் மாவை நேரடியாகச் சூட்டில் கொட்டினால் கட்டி தட்டும். ஒவ்வொரு மாவு உருண்டையின் மேல்தோலும் நொடியில் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு சிறைப்பட்டுவிடும். அப்படியானால் களிக்கு மட்டும் ஏன் கொதிநீரில் மாவைக் கொட்டுகிறார்கள்? அங்கே உத்தி வேறு. 2 டம்ளர் தண்ணீர் உப்போடு கொதிக்கும்போது 1 டம்ளர் மாவைக் கிளறாமல் நடுவில் குவியலாகக் கொட்டுவார்கள். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போட்டால் கொதிநீர் அதன் வழியே மேலேறி வரும். மூடி, சிறு தீயில் 5 முதல் 7 நிமிடம் விட்டால் குவியல் முழுவதும் ஆவியில் வெந்துவிடும். அப்புறம் இறக்கி வைத்து, பாத்திரத்தைக் காலாலோ இடுக்கியாலோ அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் சுவரோடு சேர்த்து அடித்துக் கிண்ட வேண்டும். கட்டி உடைவது இந்த அடியில்தான். கை வலிக்கும் என்று பாதியில் நிறுத்தினால் மறுபடி சேராது. முதல் தடவை செய்கிறவர்கள் ஒரு ஸ்பூன் மாவை முன்கூட்டியே அந்த 2 டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டால் கட்டி விழுவது பாதியாகக் குறையும். உருட்டும்போது கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடையல், கொள்ளுக் கடைசல், கருவாட்டுக் குழம்பு என்று எது வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் நீர்க்க இருக்க வேண்டும். களியை மென்று தின்ன முயன்றால் தொண்டையில் அடைக்கும், குழம்பில் புரட்டி விழுங்குகிற பண்டம் அது.

முளைகட்டிய மாவு வேறு சாதி. கேழ்வரகை 12 மணி நேரம் ஊற வைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒரு நாள் முதல் ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். துணி காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், சொட்டச் சொட்ட ஊற்றினால் அழுகல் வாடை வரும். வெயிலில் கரகரவென்று காய வைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, சிறு தீயில் வாசம் வர வறுத்து அரைத்தால் வெளிர் நிறத்தில் இனிப்பு வாசத்தோடு மாவு கிடைக்கும். ஈரம் மிச்சமிருந்தால் பத்து நாளில் பூசணம். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. இரும்பையும் கால்சியத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டும் குறைகிறது. இதன் பலன் அடுப்பில் தெரியும்: சாதா மாவு ஒரு கரண்டியில் வரும் கெட்டிக்கு முளைமாவு ஒன்றரை இரண்டு கரண்டி போட வேண்டியிருக்கும். சின்னக் குழந்தைக்கு இது வரம். வயிறு கொள்ளும் அதே கிண்ணக் கஞ்சியில் கூடுதல் சாரம் போகிறது. ஆனால் முளைமாவில் களி கிண்டப் பார்த்தால் கிண்டக் கிண்ட இளகிக்கொண்டே போகும். செய்முறையில் பிழை தேடிப் பயனில்லை, மாவின் குணமே அது.

அடைக்கு மாவு பிசையக் கொதிக்கும் தண்ணீர்தான் விட வேண்டும். கேழ்வரகில் கோதுமையின் பசைப் புரதம் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். கொதிநீர் மாவில் கொஞ்சத்தை வேகவைத்துப் பசையாக்கிவிடுவதால் பிடிமானம் வருகிறது. 2 டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் முருங்கைக்கீரை, ஒரு கைப்பிடி நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, மிதமான தீயில் மூடிப் போட்டு வேக வைக்கவும். சோள ரொட்டிக்கும் கம்பு ரொட்டிக்கும் இதே கொதிநீர்க் கணக்குதான்.

கம்பு

கம்பில் கொழுப்பு 5 சதவீதம், தானியங்களில் இது அதிகம். அதனால் ருசி, அதனாலேயே தொல்லை. முழுக் கம்பு மாதக்கணக்கில் இருக்கும், மாவாக்கிய நொடியிலிருந்து கணக்குத் தொடங்கிவிடும். மாவில் உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்க, ஒரு வாரம் பத்து நாளில் கசப்பு ஏறும். பாக்கெட் கம்பு மாவை வாங்கிவிட்டு "கம்புன்னாலே கசப்பு" என்கிறவர்கள் இதைத்தான் சுவைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

உரல் இல்லாத வீட்டில் கம்பஞ்சோறு செய்ய: 1 டம்ளர் கம்பில் 2, 3 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசறி 10 நிமிடம் வைக்கவும். மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று. தோல் கழன்றதும் முறத்தில் புடைத்து, மறுபடி ரவைப் பதத்துக்கு உடைக்கவும். ஈரம் காட்டாமல் அரைத்தால் தோலும் மாவும் ஒன்றாகப் பொடிந்துவிடும், பிரிக்கவே முடியாது. 4 டம்ளர் தண்ணீரில் 5 விசில், திறந்ததும் கரண்டியால் நன்றாக மசித்து உருண்டை பிடிக்கலாம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கம்பைத் தினசரி உணவாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அந்தச் சுரப்பியின் வேலையைத் தடுக்கும் பொருட்கள் கம்பில் கொஞ்சம் உண்டு, அயோடின் குறைவாக இருக்கும் உடலில் அது எடுபடும்.

எவ்வளவு, எதோடு

இந்தியா 2018-ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டாகவும், ஐ.நா. 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடியதில் ஒரு நன்மை, கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு தீமை, மருந்து போல விற்கிறார்கள். 100 கிராம் சாமையிலும் தினையிலும் வரகிலும் 330, 350 கலோரி இருக்கிறது, அரிசியிலும் கிட்டத்தட்ட அதே. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர் "சிறுதானியம்தானே" என்று ரெண்டு தட்டு சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனை அதை மன்னிக்காது. அதிலும் மைய அரைத்த மாவில் காய்ச்சிய நீர்த்த கேழ்வரகுக் கஞ்சி வெகு வேகமாகச் செரிக்கும். அவருக்கு முழு வரகுச் சோறும் நிறையக் காயும் மேல். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குச் சமைக்காத அளவில் 60 முதல் 70 கிராம் எடுத்தால் போதும், நார்ச்சத்து காரணமாக அதிலேயே வயிறு நிறையும். மூன்று வேளையும் ஒரே நாளில் மாறினால் வயிறு உப்பும், முதல் ரெண்டு வாரம் ஒரு வேளையோடு நிறுத்துங்கள், தண்ணீரைக் கூட்டிக் குடியுங்கள்.

கம்பில் இரும்புச்சத்து 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலும் உடம்பில் சேர்வது கொஞ்சம். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்தக் கொஞ்சமும் குறையும். பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த கீரையோ, நெல்லிக்காய்த் துவையலோ, பச்சைக் கொய்யாத் துண்டோ இருந்தால் கூடும். தானியத்தில் குறைவாக இருக்கும் புரதத்தைப் பருப்பும் கொள்ளும் மோரும் மீனும் கொடுக்கும். வரகுச் சோறு, சுட்ட கத்தரிக்காய், புளித்த மோர் என்கிற பழைய சேர்க்கையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடையில் விற்கும் சிறுதானிய பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில், அப்புறம் ராகி மாவு என்றிருந்தால் அது பெயரில் மட்டும் ராகி பிஸ்கட்.

மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணுவதைவிட, கம்பு உருண்டையையும் சாமைச் சோற்றையும் மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பதே மேல். சோறு நன்றாக ஆறிய பிறகு, மூழ்கும் அளவுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர். மறுநாள் காலை எட்டு மணிக்குள் மோரும் உப்பும் போட்டுக் கரைத்து, வறுத்த மோர்மிளகாயோடு முடித்துவிட வேண்டும். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் அதைத் திறந்தால் புளிப்பு வாடையே சொல்லிவிடும், அதற்குப் பிறகு மாட்டுத் தொட்டிக்குத்தான்.